நியாயத்துக்கு ஓர் ஊசி

ஊசி போட்டு நியாயத்தை வரவழைத்துவிடலாம் என்று நம்பி, அதற்கு ஒரு சட்டமும் இயற்றிவிட்டார்கள். ஊசி போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாம் முறைப்படிதான் நடந்தது என்று கையெழுத்துப் போடுகிற உத்தியோகம் எனக்கு. பதவியின் பெயர் திரை அலுவலர். அதற்கு முன்னால் நாகர்கோவிலில் சட்டக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நீதித் தத்துவம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் ஒருவன் குறட்டை விடுவான். அவன்தான் எங்கள் எல்லாரையும்விட விவரமானவன் என்று இப்போது தோன்றுகிறது.

பல்லடம் தாண்டி ஒரு ஈயத் தொழிற்சாலை. பழைய பேட்டரிகளை உடைத்து, உருக்கி, ஈயமாக வார்க்கிற இடம். முதலாளி நல்லசிவம். அங்கே மூன்றாம் உலையின் மேல்மூடியில் விரிசல் விழுந்து, புகை வெளியே ஒழுக ஆரம்பித்திருந்தது. புது மூடி வெளிநாட்டிலிருந்து வர ஆறு மாதம் ஆகும். அதுவரை உலையை ஓட்டினால் அதில் வேலை பார்க்கிற முப்பது பேரில் மூன்று பேருக்காவது சிறுநீரகம் போய்விடும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். நிறுத்தினால் பெரிய ஆர்டர் ஒன்று கைவிட்டுப் போகும், தொழிற்சாலை முழுக்கப் பாதிச் சம்பளம்தான் என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்திருந்தது. இப்படி ஒருவர் லாபமும் இன்னொருவர் உயிரும் மோதுகிற இடத்தில் எந்தக் கம்பெனியும் தானாக முடிவெடுக்கக் கூடாது, திரைக்குள் போய்த்தான் எடுக்க வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டம்.

தொழிலாளர் தரப்பு நாற்காலிக்குக் குலுக்கலில் துளசிமணியின் பெயர் விழுந்தது. பேட்டரி உடைக்கிற பிரிவில் இருந்தவள், நாற்பதை நெருங்குகிறவள். அவளுடைய தம்பி தரணி மூன்றாம் உலையில்தான் நிற்கிறான். அவன் இரத்தத்தில் ஏற்கெனவே ஈயம் ஏறியிருந்தது. இன்னும் ஆறு மாதம் அந்தப் புகையில் நின்றால் அந்த மூன்று பேரில் முதல் ஆள் அவன்தான் என்று டாக்டர் அவனிடம் நேராகவே சொல்லியிருந்தார். வேலையை விடவேண்டியதுதானே என்று நான் கேட்டதற்கு, "நான் போனா அந்த எடத்துல இன்னொருத்தன் வந்து நிப்பானுங்க, புகைக்கு யாரா இருந்தா என்னங்க?" என்றான். யூனியன்காரன். இருபத்தாறு வயது. வாயைத் திறந்தால் சண்டைதான்.

விதிப்படி நடைமுறையை விளக்க வேண்டும் என்பதால் இருவரையும் கேன்டீனில் உட்கார வைத்தேன்.

"ஏனுங்க மேடம், புகை ஒழுகுது. அணைங்கன்னா அணைக்கோணும். இதுக்கு எதுக்குங்க ஊசி?" என்றான் தரணி.

"உனக்கு அணைக்கணும். முதலாளிக்கு ஓட்டணும். ரெண்டு பேருக்கும் அவங்கவங்க பக்கம்தானே நியாயமாப் படும்? அதான் அஞ்சு பேரைக் கூப்பிட்டு ஊசி போடுவாங்க. நிர்வாகத்துல ஒருத்தர், பங்கு வச்சிருக்கிறவர் ஒருத்தர், சரக்கு வாங்குறவர் ஒருத்தர், பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர், தொழிலாளி ஒருத்தர். ரெண்டு மணி நேரத்துக்கு அவங்க பேரு, ஊரு, சொந்தம், தொழில் எல்லாம் மறந்துபோகும், அதுக்குத்தான் திரைன்னு பேரு. பேச்சு இருக்கும், கணக்கு இருக்கும், தான் யாருன்னு மட்டும் தெரியாது. தெளிஞ்சப்புறம் உள்ள பேசினது எதுவும் ஞாபகம் இருக்காது."

"தெரியாம எப்படிங்க முடிவு பண்றது?" என்றாள் துளசிமணி.

"அங்கதான் விஷயமே. உங்க ஊர்ல கெடா வெட்டிக் கூறு போடுவீங்கல்ல? கூறு போடுறவன் கடைசிக் கூறைத்தான் எடுக்கணும்னா அவன் எப்படிப் போடுவான்?"

"எல்லாக் கூறும் ஒரே மாதிரி போடுவானுங்க."

"அவ்வளவுதான். ஊசி தெளியும்போது தான் முதலாளியா எழுந்திரிப்போமா, உலைக்காரனா எழுந்திரிப்போமான்னு தெரியாதவன், உலைக்காரனுக்குக் கெடுதல் பண்ணுவானா?"

தரணி, "அப்ப மொதலாளியும் என்னையாட்டப் பயந்துட்டு உக்காரோணும்," என்று சொல்லிச் சிரித்தான். இருபது வருஷம் நான் படித்ததை அவன் ஒரே வரியில் பிடித்துக்கொண்டதில் எனக்குப் பெருமை வேறு. வெட்கக்கேடு.

முதல் அமர்வுக்கு நல்லசிவம் வரவில்லை. நிர்வாகத் தரப்பில் மருமகனை அனுப்பிவிட்டார். ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி அங்கி, கையுறை, முகமூடி. ஆணா பெண்ணா என்று தெரியாமலிருக்கக் குரலை மாற்றுகிற கருவி. ஆளுக்கு ஒரு நிற நாற்காலி. எந்த நாற்காலியில் யார் என்பது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் எனக்கு மட்டும்தான் தெரியும். யாருக்காவது பழைய நினைவு எட்டிப் பார்த்தால், அதைக் கண்காணிக்கிற இன்னொரு கருவி கூவும். அன்று அது ஒரு தடவைகூடக் கூவவில்லை. ஐந்து பேருக்கும் நினைவு சுத்தமாகத் துடைத்துவிட்ட சிலேட்டுதான்.

ஆனால் கொஞ்ச நேரத்தில் பச்சை நாற்காலி சாய்ந்து உட்கார்ந்து காலின் மேல் கால் போட்டுக்கொண்டது. மஞ்சள் நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டு, முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டது. பச்சை, "பாரு, நான் சொல்றதக் கேளு," என்று ஆரம்பித்தது. கொங்கு நாட்டில் பிறந்த குழந்தையைக்கூட 'வாங்க, போங்க' என்பார்கள். தான் யார் என்றே தெரியாத ஓர் ஆள், எதிரே இருப்பது யார் என்றும் தெரியாமல், ஒருமையில் பேசுகிறது! பச்சை பேசும்போதெல்லாம் மஞ்சள் லேசாக எழுந்து எழுந்து உட்கார்ந்தது. பச்சை மருமகன், மஞ்சள் துளசிமணி. அதைச் சொல்லவும் வேண்டுமா?

பேச்சு இரண்டுக்கு இரண்டு என்று வந்து நின்றது. பச்சை திரும்பியது.

"மஞ்சள், நீ என்ன சொல்ற? உலையை ஓட்டலாம்ல?"

"சரிங்க," என்றது மஞ்சள்.

வாயால் சொன்ன சம்மதமே வாக்கு என்பது விதி. கருவி விளக்கைப் போட்டது. மூன்றுக்கு இரண்டு, உலை ஓடும்.

திரைக்குள் போய் வந்தவர்கள் தங்கள் பதிவைத் தாங்கள் பார்க்கலாம், வேண்டியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளலாம். அடுத்தவருடையதைப் பார்க்க முடியாது. யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று நான் சொன்னால் எனக்குச் சிறை. மறுநாள் தம்பியைக் கூட்டிக்கொண்டு துளசிமணி வந்தாள். கணினியில் தன்னைத் தானே பார்த்தாள். 'சரிங்க' என்ற இடம் வந்ததும் தரணி எழுந்து வெளியே போய்விட்டான். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"நான் ஒத்துக்கலீங்களே!" என்றாள் துளசிமணி.

"சரின்னு சொல்லியிருக்கீங்களேம்மா."

"ஏனுங்க மேடம், சரிங்கன்னா சம்மதம்னு யாருங்க சொன்னது? பெரியவங்க ஒண்ணு சொன்னா சரிங்கன்னுதான் சொல்லுவோம். நீங்க சொன்னது காதுல உழுந்துச்சுங்கன்னு அர்த்தம். சூப்பர்வைசர் லீவு இல்லைம்பாரு, சரிங்கன்னுட்டு வருவோம். லீவு வேண்டாம்னா சொன்னோம்? எங்கூட்டுக்காரரு உசுரோட இருக்கையில 'உனக்கு ஒண்ணுந் தெரியாது'ம்பாரு, அதுக்கும் சரிங்கதானுங்க. தெரியாதுன்னு நானே ஒத்துக்கிட்டதா ஆயிருமா?"

எனக்கு உச்சந்தலையில் யாரோ கொட்டின மாதிரி இருந்தது. நாகர்கோவில்காரிக்கு இது எங்கே தெரியும்? எங்கள் ஊரில் பிடிக்கவில்லை என்றால் 'போவும் வோய்' என்றுவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். சம்மதம் என்றால் என்ன என்று வகுப்பில் மூன்று வாரம் நடத்தியிருக்கிறேன். 'சரிங்க' என்ற வார்த்தை அந்தப் பாடத்தில் எங்கேயும் இல்லை.

தீர்ப்பாயத்துக்கு ஐயக் குறிப்பு அனுப்பினேன். அலுவலருக்கு அந்த அதிகாரம் உண்டு. விசாரணை முடியும்வரை உலையை அணைத்து வைத்தார்கள். தரணி அந்த வாரம் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தான், அக்காவிடமும் பேச ஆரம்பித்திருந்தான்.

விசாரணையில் கம்பெனி வக்கீல் எழுந்தார். கத்தவே இல்லை. வெண்ணெயில் கத்தி இறக்குகிற மாதிரி பேசினார்.

"ஐயா, ரெண்டுல ஒண்ணுதான் உண்மையா இருக்க முடியும். இந்த அம்மாவுக்குத் தான் யாருன்னு மறந்திருந்ததுன்னா, அந்தச் 'சரிங்க' ஒரு தொழிலாளியோட சரிங்க இல்லை. முதலாளி, தொழிலாளி எதுவுமே இல்லாத ஒரு மனுஷியோட சுதந்திரமான சம்மதம். அதை மாத்த யாருக்கும் அதிகாரம் இல்லை. இல்லை, பணிஞ்சுபோய்ச் சொன்னாங்கன்னா, தான் தொழிலாளின்னு அவங்களுக்கு ஞாபகம் இருந்திருக்கணும். ஞாபகத்தோட உள்ள உக்காந்தா அதுக்குத் திரை கிழிப்புன்னு பேரு. அது குற்றம். அஞ்சு வருஷம் எந்தத் தொழிற்சாலையிலயும் வேலை பார்க்க முடியாது. அலுவலர் அம்மா எதைச் சொல்றாங்க?"

நான் மூன்றாவதைச் சொன்னேன். நினைவு போனாலும் முதுகு வளைந்த பழக்கம் போகாது, நாக்குக்கு ஊசி ஏறாது என்றேன். நீதிபதி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது நல்லா இருக்கு. ஆனா சட்டத்துல அதுக்கு இடமில்லையே," என்றார். நல்ல மனுஷர்தான், கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அப்போது துளசிமணி எழுந்தாள்.

"எனக்கு ஞாபகம் இருந்துச்சுங்க," என்றாள்.

"அம்மா, கருவியில ஒண்ணுமே பதிவாகலியே?" என்றார் நீதிபதி.

"கருவிக்கு என்னங்க தெரியும்? நான் துளசிமணின்னு எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சேதான் சொன்னேனுங்க. தப்புத்தானுங்க."

பச்சைப் பொய். எனக்குத் தெரியும், வக்கீலுக்குத் தெரியும், கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த நீதிபதிக்கும் தெரியும். ஆனால் கருவியின் கணக்கைவிட மனிதரின் ஒப்புதல் பெரிது என்று அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. மனிதரை மதித்து அதில் எழுதின ஒரே வரி அதுதான், அதற்கும் இப்படி ஒரு தலைவிதி. அமர்வு செல்லாது என்றார்கள். அவளுக்கு ஐந்து வருஷம் வேலைத் தடை. புது அமர்வு நடத்த வேண்டும், புது ஆட்கள் வேண்டும், குலுக்கல் இல்லாமல் யூனியனே தன் ஆளை நிறுத்தலாம், முதலாளியே நேரில் உட்கார வேண்டும், வாயால் கேட்கக் கூடாது, ஆளுக்கு ஒரு பொத்தானை மறைவாக அழுத்த வேண்டும் என்று உத்தரவு.

வெளியே வந்ததும் அவளைக் கேட்டேன், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஏன் இப்படிச் செய்தாய் என்று.

"அடுத்த வாட்டி என்ற தம்பி உக்காருவானுங்க. யூனியன்ல அவனத்தான் நிறுத்துறாங்க. அவன் எமனுக்கே சரிங்கன்னு சொல்ல மாட்டான் மேடம்," என்றாள். "அவன் பொழச்சுக் கெடந்தாப் போதும். நான் காட்டுல களை வெட்டப் போயிக்குவேன்."

இரண்டாவது அமர்வுக்கு எனக்கே நம்பிக்கை வந்திருந்தது. காலையில் நல்லசிவம் வந்து இறங்கினார். எதிர் வாசலுக்குப் போகவும் காரில் போகிற மனுஷர். "நாலு குடும்பத்துல சோத்து உலை கொதிக்கோணும்னா நம்ம உலை எரிஞ்சுதானுங்க ஆகோணும். ரிஸ்க் எடுக்காம ஒரு தொழிலு உண்டுங்களா?" என்று என்னிடமே பாடம் எடுத்தார். தரணி அவரைத் தாண்டிப் போகும்போது இருமினான். வேண்டுமென்றே இருமினானா, இருமல் வந்ததா தெரியவில்லை.

ஊசி ஏறியது. சிவப்பு நாற்காலியில் நல்லசிவம், நீல நாற்காலியில் தரணி. மற்ற மூவரும் வெளியூர்க்காரர்கள். இந்தத் தடவை ஒருத்தரும் எழுந்து எழுந்து உட்காரவில்லை. ஒருமையில் யாரும் பேசவில்லை. சரிங்க என்றும் யாரும் சொல்லவில்லை. சமமாகப் பேசினார்கள், குறுக்கே பேசினார்கள், சிரித்தார்கள். புத்தகத்தில் படித்த திரை இதுதான், கண்ணால் பார்த்துவிட்டோம் என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

சிவப்புதான் முதலில் பதறியது.

"மூணு பேருக்குச் சிறுநீரகம் போகும்னு போட்டிருக்குதே. அதுல ஒருத்தர் நானா இருந்துட்டா என்னங்க பண்றது? நிறுத்திப்போடலாமுங்க. பாதிச் சம்பளம் வந்தாலும் உசுரு இருக்குமல்லோ?"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடடா, பணத்தை மறக்கடித்ததும் முதலாளி எவ்வளவு நியாயஸ்தர்! பிறந்ததிலிருந்தே பயந்த சுபாவம் போலிருக்கிறது. அடுத்தவன் உயிரை வைத்து ஆடும்போது மட்டும் பணம் அவருக்குத் தைரியம் கொடுத்திருக்கிறது.

நீலம் பேசியது.

"ஏனுங்க இத்தன பயம்? கணக்குப் போட்டுப் பாருங்க. நாம அஞ்சு பேரு. இதுல தொழிலாளி ஒருத்தருதான். அது நானாவே இருந்தாலும், உலையில நிக்கற முப்பது பேர்ல மூணு பேருக்குத்தான் சேதாரம். அஞ்சுல ஒண்ணு, அதுல பத்துல ஒண்ணு. அம்பதுல ஒரு வாய்ப்பு. அதுக்குப் பயந்துட்டு எல்லாரும் பாதிச் சம்பளத்துல கெடக்கோணுமா? அப்படிப் பாத்தா ரோட்டுல நடக்க முடியுமுங்களா? அந்த ஒருத்தன் நானாவா இருக்கப் போறேன்?"

மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பேச்சு அப்படி இருந்தது. தைரியமும் தெளிவுமாகப் பொட்டில் அடித்த மாதிரிப் பேசினான். யூனியன் கூட்டத்தில் அவன் பேச்சுக்குக் கைதட்டுவார்களே, அதே பேச்சு, அதே கை வீச்சு. எதற்காகப் பேசுகிறான் என்பது மட்டும் இல்லை.

கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போய் அவன் சட்டையைப் பிடிக்கலாம் போலிருந்தது. 'அடே பாவி, ஐம்பதில் ஒன்று இல்லையடா, நீயேதான் அது!' ஆனால் எப்படிச் சொல்வது? அவனுடைய நியாயம் எல்லாமே அவன் பட்டதில் இருந்து வந்தது. இருமல், இரத்தப் பரிசோதனை, பேட்டரி அமிலத்தில் வெந்த அக்காவின் கை, பக்கத்தில் நின்றவன் சுருண்டு விழுந்தது. அவ்வளவையும் நாங்கள் ஊசி போட்டுத் துடைத்துவிட்டோம். துடைத்த பிறகு மிஞ்சினது இருபத்தாறு வயசுத் துணிச்சல்தான். நியாயம் பேச வருகிறவன் தன் காயத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும் என்று எழுதி வைத்த மகராசர்களுக்கு ஒரு காயமும் இருந்திருக்காது. அதை இருபது வருஷம் பாடம் நடத்தின எனக்கும் இருக்கவில்லை. யாரைத் திட்ட?

பொத்தான்கள் அழுத்தப்பட்டன. உலையை ஓட்ட நான்கு, நிறுத்த ஒன்று. அந்த ஒன்று சிவப்பு.

ஊசி தெளிந்து, அங்கியைக் கழற்றி, ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். சுவரில் நான்குக்கு ஒன்று என்று எழுத்து ஒளிர்ந்துகொண்டிருந்தது. நல்லசிவம் அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, மீசையைத் தடவிக்கொண்டு தரணியிடம் வந்தார்.

"பாத்தீங்களா தம்பி? நாலு பேரு நியாயமா யோசிச்சிருக்காங்க. ஒருத்தன்தான் கிறுக்கன். யாருன்னு நான் கேக்கலீங்க."

"கேக்க வேண்டாமுங்க. நாந்தான்!" என்றான் தரணி, நெஞ்சை நிமிர்த்தி. "இன்னும் பத்துவாட்டி ஊசி போட்டாலும் நான் அந்தப் பொத்தானத்தான் அமுக்குவேன்."

நல்லசிவம் சிரித்துக்கொண்டே காரில் ஏறினார். நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். சட்டம் என் வாயை நன்றாகத்தான் தைத்து வைத்திருந்தது. ஆனால் கடைசியில் ஒன்று கேட்டாக வேண்டும். அது விதி.

"தரணி, உன் பதிவைப் பாக்கிறியா? உனக்கு அதுக்கு உரிமை இருக்கு."

அவன் பார்க்கட்டும் என்று ஒரு மனசு. ஐயோ, வேண்டாம் என்று ஒரு மனசு.

"எதுக்குங்க மேடம்?" என்றான். "என்னய எனக்குத் தெரியாதுங்களா?"

உள்ளே வர அனுமதி இல்லாததால் துளசிமணி வெளிவாசலில் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். அவன் அவளிடம் போய், "தோத்துட்டமக்கா. ஆனா நான் ஒருத்தன் கடேசி வரைக்கும் நின்னேன். இனி வருத்தமில்ல," என்றான். அவள் அவன் கன்னத்தைத் தொட்டு, "போயிட்டு வா சாமி, மூக்க நல்லாக் கட்டிக்கோ," என்றாள். சங்கு ஊதியது. மூன்றாம் உலையைப் பற்றவைக்க ஆள் கூப்பிட்டார்கள். கூட்டத்தில் முதல் ஆளாக அவன்தான் உள்ளே போனான், ஜெயித்தவனைப் போல.

அவன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க மேடம், நெசமாலும் என்ற தம்பி ஒருத்தன்தான் நின்னானுங்களா?"

"ஆமாம்மா, அவன் ஒருத்தன்தான்," என்றேன்.